சிவப்பு மையில் அடித்த மழை

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் டாக்டர் நீலாயதாட்சி. அவருக்குப் பிறகு செய்தவர்களும் இருக்கிறார்கள். என் மைத்துனன் வேலியை இரண்டு முழம் தள்ளிப் போட்டான், பங்களாவுக்கு என் இடத்தில் புது வாட்ச்மேன் வந்த செய்தியை எனக்குச் சொல்லிவிடக்கூட ஒரு ஆள் இல்லை. ஆனால் அவர்களையெல்லாம் நான் விட்டுவிட்டேன், ஏனென்றால் ஒருவர் மேல் உள்ள கோபத்தை வாடாமல் வைத்திருப்பதே ஒரு வெள்ளாமை பார்க்கிற அளவுக்கு வேலை. போன மாதம் பேப்பரில் அந்த அம்மாவின் வாழ்க்கையை முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். மேகத்துக்குள் விமானத்தில் போய் வந்த முதல் பெண் விஞ்ஞானி என்று போட்டிருந்தது, ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவராக உட்கார்ந்த முதல் பெண் என்று போட்டிருந்தது, டில்லியில் வாங்கிய பதக்கத்தின் படம் இருந்தது. எங்கள் மாவிலங்கைக்குறிச்சிக்கு ஒன்றரை வரி இருந்தது. என் பெயர் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், ஆனால் அளந்து எழுதுவது எனக்குப் பழக்கம்.

என் பெயர் முத்திருளாண்டி. கண்மாய்க்கரை சர்க்கார் பங்களாவில் முப்பத்தொரு வருஷம் வாட்ச்மேனாக இருந்தேன். பங்களாவின் முன்னால் கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி உண்டு, மேலே ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில், அவ்வளவுதான். தினமும் காலை எட்டரை மணிக்குப் போய், பாட்டிலில் விழுந்த தண்ணீரை அளவு கிளாஸில் ஊற்றி, கோட்டைப் பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதி, மாதம் பிறந்ததும் எல்லாவற்றையும் ஒரு கார்டில் எழுதிப் பட்டணத்து ஆபீசுக்குப் போட வேண்டும். துளி விழாத நாளிலும் போய்ப் பார்த்துத்தான் சைபர் எழுத வேண்டும், பார்க்காமல் எழுதினால் அது சைபர் இல்லை, பொய். எங்கள் சீமையில் வருஷத்துக்கு முந்நூறு சைபருக்குக் குறையாது. ஊரில் என்னை மழைக்காரர் என்றார்கள், மொய் எழுதினாலும் அந்தப் பெயரைத்தான் எழுதினார்கள், கல்யாணத்துக்கு நாள் குறித்தால் அன்றைக்கு மழை வருமா என்று என்னிடம் வந்து கேட்டார்கள், வந்த மழைதான் எனக்குத் தெரியும் வரப்போகிற மழை தெரியாது என்று எத்தனை தடவை சொன்னாலும் வெற்றிலையை வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

எமர்ஜென்சி வந்த வருஷம் வேலிக்குள் ஒரு வெள்ளாடு புகுந்து அளவு கிளாஸை உடைத்துவிட்டது. எழுதிப் போட்டேன். வைக்கோல் சுற்றி, மரப்பெட்டியில் அடைத்து, முத்திரை குத்தி, வேறு கிளாஸ் வந்தது. மழைமானியில் இரண்டு தினுசு உண்டாம், பெரிய புனல் ஒன்று, சின்னப் புனல் ஒன்று, அதற்கு அது இதற்கு இது என்று கிளாஸும் வேறு வேறாம். எங்களுடையது பெரிய புனல். அவர்கள் அனுப்பியது சின்னப் புனலின் கிளாஸ். அதில் ஊற்றினால் ஒன்று இரண்டாகத் தெரியும். இது எனக்கு எப்படித் தெரியும்? கிளாஸில் கோடு இருந்தது, கோட்டுக்குப் பக்கத்தில் எண் இருந்தது, எண்ணைப் பார்த்து எழுதினேன், பதினோரு வருஷம் எழுதினேன், அந்தப் பதினோரு வருஷமும் எங்கள் ஊரில் பெய்ததைப் போல இரண்டு பங்கு மழை பட்டணத்துக் காகிதத்தில் பெய்தது. சுற்றியிருந்த ஊர்களையெல்லாம் வறட்சி என்று அறிவித்து ஆழ்குழாய் போட்டார்கள், மாட்டுக்குத் தீவனம் கொடுத்தார்கள். எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பூவலிங்கம் எழுதிய மனுவுக்கெல்லாம், உங்கள் ஊரில் போதிய மழை பெய்துள்ளது என்று ஒரே பதில் வந்தது, கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, ஆட்கள் பாதிப் பேர் திருப்பூருக்கும் சூரத்துக்கும் போக, மிச்சமிருந்தவர்கள் அந்தப் போதிய மழை எங்கே பெய்தது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீலாயதாட்சி அம்மா நாகப்பட்டினத்துக்காரர். அப்பா துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிற வேலை. நீங்கள் கூண்டு ஏற்றுவதால் புயல் வருகிறதா, புயல் வருவதால் கூண்டு ஏற்றுகிறீர்களா என்று ஆறு வயதில் கேட்டு அப்பாவிடம் அடி வாங்கினாராம், அடித்த கையாலேயே மறுநாள் அவர் மகளைத் தூக்கிக் கொடிமரத்து மேடையில் நிறுத்தி நீயே பார் என்றாராம். அன்றையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர். ஒரு காலேஜில் அறுபது ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாகப் படித்து, மழை ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தால், மலைமேல் இருக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பெண்ணை அனுப்ப முடியாது என்றார்கள், விமானத்தில் ஏற்ற முடியாது என்றார்கள், காரணம் கேட்டால் இரண்டு இடத்திலும் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை என்றார்கள். பதினாலு வருஷம் அவரைக் கார்டு அறையில் உட்கார வைத்தார்கள். என்னைப் போன்றவர்கள் எழுதிப் போடும் கார்டுகள் மூட்டை மூட்டையாக வந்து விழும் அறை. மேகத்தின் வயிற்றில் துளி எப்படிச் சூல் கொள்கிறது என்று கண்டுபிடிக்க வந்தவர், அங்கே உட்கார்ந்து கூட்டல் போட்டார், போட்ட கூட்டலை வைத்துத் தனக்கென்று ஒரு வரைபடம் வரைந்தார், மழை குறைந்த இடத்துக்குச் செம்மண் நிறம், நிறைந்த இடத்துக்குப் பச்சை. எங்கள் சீமை முழுக்கச் செம்மண். நடுவில் ஒரு பச்சைப் பொட்டு. அதுதான் மாவிலங்கைக்குறிச்சி.

அந்தப் பச்சையைப் பார்க்கத்தான் வந்தார். சித்திரை மாதம், உச்சி வெயிலில், பஸ்ஸை விட்டு இறங்கினார், கையில் ஒரு குடை, அதுவும் மழைக்கு விரிக்கிற குடை. எதிரே சாத்தையாவின் டீக்கடை. எங்கள் ஊரில் யாரையும் விடாத வாய் சாத்தையாவின் வாய்.

"இங்க காடு எங்கங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"ரெண்டு இருக்கும்மா. ஒண்ணு கருவேலங்காடு, ஒண்ணு சுடுகாடு. எதுக்குப் போகணும்?"

"மழை அதிகமான ஊர்னு கேள்விப்பட்டேன்."

"அது எங்க மழைக்காரர்ட்டதான் கேக்கணும். எங்களுக்குத் தெரியாம அவருக்கு மட்டும் பெய்யுது."

விளையாட்டுக்குச் சொன்னான். அரை மணி நேரத்தில் அது நிஜமாகிவிட்டது. அந்த அம்மா பங்களாவுக்கு வந்தார், வேடிக்கை பார்க்கப் பூவலிங்கமும் சாத்தையாவும் இன்னும் பத்துப் பேரும் பின்னால் வந்தார்கள். மழைமானியைப் பார்த்தார், கிளாஸைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், புனலின் வாயை ஒரு நூலால் அளந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "முத்திருளாண்டி, பதினோரு வருஷமும் தப்பு."

உனக்குத் தப்பான கிளாஸ் அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் அதே அளவு வார்த்தைதான். அதைச் சொல்லவில்லை. பத்துப் பேர் நடுவில் பதினோரு வருஷமும் தப்பு என்றார்.

"அப்ப எங்களுக்கு வர வேண்டிய குழாய், தீவனம் எல்லாத்தையும் இவரு எழுதியே கெடுத்துட்டாரா?" என்றான் சாத்தையா. பூவலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிவிட்டுப் போனார். அன்றையிலிருந்து எனக்கு டீ இல்லை. வெற்றிலை இல்லை. மழைக்காரர் என்ற பெயரும் இல்லை, முத்திருளு என்றார்கள், அதுவும் கூப்பிடுவதற்கு அல்ல, பேசிக்கொள்வதற்கு. இவன் எந்த எட்டரைக்கு எந்திரிச்சான், படுத்த பாயிலேயே எழுதியிருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். பத்துப் பதினைந்து பிள்ளைகள் திருப்பூரில் பனியன் தைக்கப் போனதற்கும், சடையாயியின் மூன்று மாடு செத்ததற்கும் நான்தான் காரணம் என்றால், நான் அந்த ஊரில் எப்படி நடமாடுவது?

அந்த அம்மா மூன்று நாள் பங்களாவில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைத் திருத்தினார். சிவப்பு மை. நான் எழுதிய ஒவ்வொரு மழையையும் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் பாதியை எழுதினார். முந்நூற்று நாற்பத்தொரு மழை. மூன்றாம் நாள் சாயங்காலம் பேனாவை மூடினார்.

நாலாம் நாள் காலையில் ஊருக்கு மேலே மேகம் நின்றது.

பனைமர உயரத்தில், ஊரின் அகலத்துக்குச் சரியாக, சாம்பல் நிறத்தில், பால் வற்றாத எருமை மடி மாதிரி தொங்கிக்கொண்டு நின்றது. காற்றடித்தால் நகரவில்லை, வெயிலடித்தால் கரையவில்லை, பெய்யவும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. சடையாயிதான் வாசல் தெளித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். "அடிச்சுப் போட்ட மழை எங்க போகும்? எழுதின ஊருக்குத்தான் வரும்." எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. அதற்கப்புறம் இருந்ததெல்லாம் அதை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது என்ற யோசனைதான்.

நிழலில் மிளகாய் காயாது. ஆகவே பெண்கள் மிளகாய்ச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நிழலின் விளிம்பு வரை, ஒன்றரை மைல், நடந்து போய்க் காயப் போட்டார்கள். அப்பளம் நமுத்தது, தீக்குச்சி பற்றவில்லை, உயரமான மச்சு வீடு கட்டியிருந்த பூவலிங்கத்தின் மாடி ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து பெட்டியில் இருந்த பட்டுச் சேலைகளை நனைத்துவிட்டுப் போனது, அவர் மனைவி விளக்கமாற்றால் அதை வெளியே கூட்டித் தள்ளினாள். பக்கத்து ஊர்க்காரர்கள் தாரை தப்பட்டையோடு வந்து, நீளமான மூங்கிலில் வேப்பிலை கட்டி, ஓட்டிக்கொண்டு போகப் பார்த்தார்கள், எங்கள் ஆட்கள் கம்பை எடுத்தார்கள், போலீஸ் வந்தது, மேகம் யாருடையது என்று எழுதிக்கொள்ள ரிஜிஸ்டரைத்தான் வாங்கிப் பார்த்தார்கள், என் கையெழுத்து இருந்தது, எங்கள் ஊருக்கே தீர்ப்பானது. அதற்கும் எனக்கு ஒரு டீ கிடைக்கவில்லை. வெயில் படாததால் ஊரில் எல்லாருக்கும் ஒரு சுற்று நிறம் கூடியது, அந்த மூன்று மாதத்தில் நாலு பெண்களுக்கு வரன் முடிந்தது.

அந்த அம்மா தன் ஊருக்குத் திரும்பவில்லை. பட்டணத்துக்குத் தந்தி அடித்தார், சம்பளமில்லாத லீவு போட்டார், பனையேறியைக் கூப்பிட்டுக் கரையிலிருந்த ஒற்றைப் பனையில் ஏணி கட்டச் சொன்னார். "அவங்க என்னை விமானத்துல ஏத்த வேண்டாம். மேகம் பனைமரத்துக்கே வந்திருக்கு" என்றார். சேலையைச் சொருகிக்கொண்டு, விளக்கெண்ணெய் தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, ஐம்பது வயதை நெருங்கிய பெண்பிள்ளை தினமும் இரண்டு தடவை ஏறினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டது நான். ஊரில் வேறு யாரும் பேசாதபோது அவர் ஒருவர்தான் என்னை வேலை ஏவினார். பிடித்தேன், ஆனால் நிமிர்ந்து முகம் பார்க்கவில்லை.

எண்ணெயில் சிக்கிய துளிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து, ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் ஏணியின் பாதியிலேயே நின்று சிரித்தார்.

"முத்திருளாண்டி, இதுல கடலே இல்லங்க."

"மேகத்துல கடல் எப்படி இருக்கும்?"

"இருக்கும். துளி சும்மா திரளாது, பிடிச்சுக்க ஒரு பொடி வேணும். கடல்லேர்ந்து வர்ற மேகம் உப்பைக் கூட்டிட்டு வரும். அந்த உப்பைப் பிடிச்சுத்தான் துளி கனக்கும், கனத்தாத்தான் விழும். இது காகிதத்துலேர்ந்து வந்தது. உப்புக்கு எங்க போகும்?"

பதினாலு வருஷம் கார்டு அறையில் இருந்துகொண்டு அவர் புத்தகத்தில் மட்டும் யோசித்து வைத்திருந்ததை, அந்தப் பனையின் உச்சியில்தான் கண்ணால் கண்டார். அதற்குப் பிறகு நாடெல்லாம் அவர் பெயரைச் சொன்னது இந்த உப்புக்காகத்தான்.

ஊர்க்கூட்டம் போட்டு, உப்பளத்திலிருந்து நாலு மூட்டை உப்பு வந்தது. மாவை விட நைசாக அரைக்க வேண்டும் என்றார். ஊரில் இருந்தது மிளகாய் அரைக்கிற மில் ஒன்றுதான், அதைக் கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எங்கள் ஊரில் எதை அரைத்தாலும் அதில்தான் அரைப்பது. ஆடிக் காற்று தொடங்கிய அன்று, சடையாயியும் இன்னும் ஏழு பெண்களும் கரைமேல் முக்காலி போட்டு ஏறி நின்று, களத்தில் பொலி தூற்றுவது போலச் சுளகில் உப்பை அள்ளி அள்ளிக் காற்றில் தூற்றினார்கள். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் மேகத்தின் மடியில் அப்பியது. மேகம் கறுத்தது, முனகியது, பிறகு ஒரு தும்மல் போட்டது போலக் குலுங்கி, ஊற்றியது. முதல் மழை காரமாக இருந்தது. ஊரே கண் எரிய எரிய, மூக்கில் ஒழுக ஒழுக, நின்று நனைந்தது. சரியாக அந்த நேரம்தான், திருத்திய கணக்கைப் பார்த்து எங்கள் ஊரை வறட்சிப் பகுதி என்று அறிவிக்க ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அறிவிப்பு நோட்டீஸை ஒட்டப் பார்த்தார்கள், பசை கரைந்து கரைந்து வழிந்தது. "ஒட்டாட்டியும் பரவால்ல சார், கையெழுத்தப் போடுங்க, குழாய் வரட்டும்" என்றார் பூவலிங்கம், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு.

இரண்டாம் நாள் மழையில்தான் விஷயம் தெரிந்தது. தெற்கிலிருந்து சாய்வாக வந்தது, பத்து நிமிஷம் நின்றது, மறுபடி பெய்தது. சாத்தையா கடையை விட்டு வெளியே வந்து கத்தினான். "டேய், இது என் தங்கச்சி கல்யாணத்து மழைடா! தாலி கட்டுறப்ப நின்னுச்சே, அதே மழை!" ரிஜிஸ்டரைப் பார்த்தால், நான் அந்தக் கிளாஸில் அளந்து எழுதிய இரண்டாவது மழை அதுதான். எழுதிய வரிசையிலேயே வந்தன. உப்புத் தூற்றிய ஒரு நாளைக்கு ஒரு மழை, அது அன்றைக்கு எப்படிப் பெய்ததோ அப்படியே, அதே சாய்வில், அதே நேரத்துக்கு.

அதற்கு ஊர் ஒரு முறை வைத்துக்கொண்டது. கண்மாய்த் தண்ணீருக்கு மடை முறை வைப்பது போல மழைக்கு முறை. யார் வீட்டு நாளோ அந்த வீட்டுப் பெண்தான் முக்காலியில் ஏறித் தூற்ற வேண்டும், ஊர் முழுக்க அந்த வீட்டாரோடு நின்று நனைய வேண்டும். வருகிற புதன்கிழமை எங்கள் அப்பா இறந்த அன்று பெய்த மழை, அவசியம் வந்துவிடுங்கள் என்று வெளியூர்ச் சொந்தத்துக்குக் கார்டு போட்டார்கள். மகனைத் துபாய்க்கு அனுப்பிய அன்று பெய்த தூறலில் ஒருத்தி குடையில்லாமல் கடைசித் துளி வரை நின்றாள். களத்து மிளகாயையெல்லாம் அடித்துக்கொண்டு போன மழை வந்தபோது சடையாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வா வா, மொதத் தடவ வந்தப்ப நா வாயத் தொறக்கல, இப்ப கேளு" என்று ஒரு மணி நேரம் அதை வைதாள்.

யார் மழை எப்போது என்று சொல்ல ரிஜிஸ்டர் வேண்டும், ரிஜிஸ்டர் என்னிடம் இருந்தது. ஆகவே மறுபடி வந்தார்கள். "எங்க மழை எப்ப வருது?" என்று கேட்டார்கள், நாள் சொன்னால் போனார்கள். படுத்த பாயில் எழுதியவன் என்ற பேச்சு மெல்லக் குறைந்தது, ஏனென்றால் ஒவ்வொரு மழையும் அவரவர் நினைவில் இருந்தபடியே வந்து நின்றது. "எட்டரைக்கு எந்திரிச்சுத்தான்டா இருக்காரு மனுசன்" என்று சாத்தையாவே சொன்னான். டீ மட்டும் இன்னும் தரவில்லை. முழுசும் பெய்து முடியட்டும், பார்க்கலாம் என்று வைத்திருந்தான்.

முழுசும் பெய்து முடியக் கூடாது என்று ஒருவன் மட்டும் வேண்டிக்கொண்டிருந்தான். அது நான்.

முந்நூற்று நாற்பத்தொரு மழையில் இருநூற்றுப் பதினாலாவது மழை பெய்யாத மழை. ஒரு ஐப்பசியில் என் மனைவி ராக்கு காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடக்க, கட்டிலோடு தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒன்பது நாள் அங்கே இருந்தேன். மாதம் பிறந்துவிட்டது, கார்டு போட வேண்டும், ஒரு நாள் விட்டாலும் வேலை போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். ராக்குவைத் தூக்கி வந்த அன்று ஆஸ்பத்திரி ஜன்னலில் பார்த்தபோது ஊர்ப் பக்கம் வானம் இருண்டு கிடந்தது. நிச்சயம் பெய்திருக்கும் என்று நினைத்து, படியில் உட்கார்ந்து, அந்தத் தேதிக்கு முப்பத்தாறு மில்லிமீட்டர் என்று எழுதிப் போட்டேன். கார்டு போட்ட அன்றைக்குத்தான் ராக்கு போனாள். ஊருக்கு வந்து பாட்டிலைப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை. கார்டு போய்விட்டது. ரிஜிஸ்டரிலும் அதையே எழுதினேன். பதினோரு வருஷத்தில் நான் எழுதிய ஒரே பொய் மழை.

ஒவ்வொரு மழையும் வரிசை தப்பாமல் வர வர, அது என்னிடம் நடந்து வருவது எனக்குக் காதில் கேட்டது. ஒரு பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். திருப்பூருக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். பெய்யாத மழை எப்படிப் பெய்யும் என்று தெரியாது, ஆனால் அன்றைக்கு ஊர் என்ன சொல்லும் என்று தெரியும். ஒன்று பொய் என்றால் மிச்சமும் பொய். யார் வீட்டு நாள் என்று கேட்டபோது, யார் வீட்டு நாளும் இல்லை என்று சொன்னேன். அப்படியானால் நானே தூற்றுகிறேன் என்று சடையாயி முக்காலியில் ஏறினாள்.

மாசி மாதத்துக் காலை. ஊர் வழக்கம் போலக் கரையில் நின்றது. உப்பு மேலே போனது, மேகம் கறுத்தது. பிறகு மழைச் சத்தம் கேட்டது. தகரத்தில் விழுகிற சத்தம், பனையோலையில் விழுகிற சத்தம், கண்மாயில் விழுகிற சத்தம். தவளை கத்தியது. ஆனால் ஒரு துளி இல்லை. நீட்டிய கைகள் எல்லாம் காய்ந்து இருந்தன. அந்த அம்மா மழைமானியைத் திறந்து, புதுக் கிளாஸை எடுத்து, ஒன்றும் ஊற்றாமல் திருப்பி வைத்தார். என்னைப் பார்த்தார். ஊரும் அவர் பார்த்த இடத்தைப் பார்த்தது.

"என்ன மழை இது?" என்றான் சாத்தையா.

"இது பெய்யல" என்றேன். "பாக்காம எழுதினேன். அன்னைக்கு நான் ஊர்ல இல்ல."

சத்தம் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. பூவலிங்கம் ரிஜிஸ்டரை வாங்கித் தேதியைப் பார்த்தார். சடையாயிக்குக் கேட்கும்படி அதைப் படித்தார்.

சடையாயி முக்காலியிலிருந்து இறங்கினாள். "எப்படி ஊர்ல இருப்ப? ராக்குவத் தூக்கிட்டுப் போனீகளே, கட்டில்ல ஒரு கால எங்க வீட்டுக்காரருல்ல பிடிச்சாரு. இன்னொரு காலு யாருடா?"

"நான்தான் அத்தாச்சி" என்றான் சாத்தையா. அவன் குரல் இறங்கிவிட்டது. "ஏழு மைல். நா வறண்டு போச்சு. ஒரு சொட்டு இல்ல அன்னைக்கு. எனக்குத் தெரியுமே."

"அப்புறம் என்ன? யாரு வீட்டு நாளும் இல்லன்னு சொன்னியே, கேனப்பய மாதிரி" என்று சடையாயி என்னைப் பார்த்துக் கத்தினாள். "ஒன் வீட்டு நாளு. முன்னால வந்து நில்லு."

சுளகை என் கையில் கொடுத்தாள். ஊர் எனக்குப் பின்னால் வந்து நின்றது. முறை வைத்தபடி, நனையாத மழையில், அது ஓயும் வரை, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். முக்கால் மணி நேரம். முடிந்ததும் சாத்தையா கடைக்குப் போய், "மழைக்காரரே, ஆறிரும், வாரும்" என்று கூப்பிட்டான். கிளாஸில் நுரை வழிந்தது. பத்து மாதத்துக்குப் பிறகு குடித்த டீ.

அந்த அம்மா அன்றைக்கு மத்தியானம் என்னிடம் வந்து சொன்னார். "இது வரைக்கும் வந்ததுல இருநூத்திப் பதிமூணும் நிஜம். ஒண்ணுதான் இல்ல. இப்படி அளந்தவரை நான் எந்த ஊர்லயும் பாத்ததில்ல. கிளாஸ் தப்பா அனுப்பினது ஆபீஸ், உங்க தப்பு இல்லன்னு என் கட்டுரையில எழுதுவேன். உங்க பேரோட." நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

அடுத்த ஆனி முடிவதற்குள் முந்நூற்று நாற்பத்தொன்றும் பெய்து தீர்ந்தது. மேகம் மெலிந்து மெலிந்து கடைசியில் ஒரு வேட்டி அகலத்துக்கு வந்து, அதுவும் போயிற்று. வெயில் அடித்தது, பெண்கள் வாசலிலேயே மிளகாய் காயப் போட்டார்கள். கண்மாய் கடல் மாதிரி கிடந்தது, ஆழ்குழாயும் வந்தது, திருப்பூர் போன பிள்ளைகளில் பாதி திரும்பின.

இரண்டு வருஷம் கழித்துக் கட்டுரை அச்சில் வந்தது. தபாலில் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். இங்கிலீஷ். எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துத் தமிழில் சொன்னார். உப்பு இருந்தது, துளி இருந்தது, பனைமரம் கூட இருந்தது. "அளவெடுத்தவர் பயிற்சி இல்லாதவர், அவருடைய பதிவுகளில் பிழை காணப்பட்டது" என்று இருந்தது. வாத்தியார் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, "வேற ஒண்ணும் போடல" என்றார்.

பஸ் ஏறிப் பட்டணம் போனேன். அப்போது அவருக்கு மாடியில் தனி அறை, வாசலில் பெயர்ப்பலகை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"என்னம்மா எழுதியிருக்கீங்க?"

"தெரியும். எழுதித்தான் கொடுத்தேன், நான் சொன்னபடியே, உங்க பேரோட. ஆபீஸ் தப்பு பண்ணினதுன்னு இருக்கற வரைக்கும் அச்சுக்குப் போகாதுன்னுட்டாங்க. அந்த வாக்கியத்தை எடுத்தா கட்டுரை வரும், கட்டுரை வந்தா விமானம் உண்டுன்னாங்க." மேஜைமேல் கிடந்த காகிதங்களை ஒதுக்கி வைத்தார். "எடுத்துட்டேன். உங்க பேரைக் கொடுத்துத்தான் ஏறினேன் முத்திருளாண்டி. பொய் சொல்ல மாட்டேன்."

"மேல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

"அழுதுட்டேன்" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதினார், கையெழுத்துப் போட்டார், நீட்டினார். கிளாஸ் தப்பாக அனுப்பப்பட்டது, முத்திருளாண்டி அளந்தது சரி என்று தமிழில் இருந்தது.

"இது வேணாம்மா. என் தப்புன்னு எங்க போட்டீங்களோ அங்கயே இதயும் போடுங்க."

"அது என் கையில இல்லையே."

"அப்ப இருக்கும்போது போடுங்க."

தாளை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் தலைவரானார். எத்தனையோ வறண்ட சீமையின் மேகங்களுக்கு உப்புத் தூவினார். மலைமேல் ஆராய்ச்சிக்கூடத்தில் பெண்களுக்கு முதலில் கட்டியது கக்கூஸ் என்று பேப்பரில் போட்டிருந்தது, படித்துவிட்டு நானும் சிரித்தேன். நல்ல மனுஷிதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு கார்டு வரும், வாழ்த்துக்குக் கீழே, இன்னும் எழுதவில்லை, மறக்கவில்லை என்று இருக்கும். நானும் பதில் போடுவேன், நானும் மறக்கவில்லை என்று.

போன வாரம் அவரிடம் படித்த ஒரு பெண் வந்தது, தில்ஷாத் என்று பெயர், கீழக்கரைப் பக்கம். அந்த அம்மா நினைவாக ஒரு மலர் போடுகிறார்களாம்.

"கடைசி வரைக்கும் உங்களச் சொல்லிக்கிட்டே இருந்தாங்கய்யா. அவங்க எழுத வேண்டியத நான் மலர்ல எழுதிடுறேன்."

"நீ ஏம்மா எழுதணும்? எடுத்தது நீயா?"

"இல்லய்யா. ஆனா அவங்க இல்லையே இப்ப."

"இல்லாட்டி என்ன? இந்த ஊருக்கு வர வேண்டியது எதும்மா நேரத்துக்கு வந்திருக்கு?"

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. சாத்தையா கடையிலிருந்து டீ வாங்கி வந்து கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் மழைக்குக் குறையில்லை. தபால்காரர் பதினொன்றரைக்கு வருகிறார். இன்றைக்குக் கரண்ட் பில் மட்டும்தான் வந்தது.